தீபாவளிக்கு வீட்டுப் பலகாரம் கொடுத்தா நிஜமாவே மிச்சமா? முழுக் கணக்கு இதோ

2025 தீபாவளி அக்டோபர் 20-ல வந்துச்சு. செப்டம்பர் கடைசியில ஆரம்பிச்சு எல்லா பட்ஜெட் வீடியோலயும் ஒரு அறிவுரை தவறாம வரும்: "ஸ்வீட் பாக்ஸ் வாங்காதீங்க, வீட்டுலயே பலகாரம் செஞ்சு கொடுங்க, பாதிக்குப் பாதி மிச்சம்." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எவ்வளவு மிச்சம், எதுல மிச்சம், யாரால மிச்சம்னு யாரும் கணக்கு போட்டுக் காட்டுறதில்ல.

நான் ஒரு சிஏ. ஒரு பேக்கரி ஓனர் வந்து "இந்தப் பொருளுக்கு எனக்கு அடக்க விலை என்ன?"னு கேட்டா எப்படி காஸ்ட் ஷீட் போடுவேனோ, அதே மாதிரி நம்ம வீட்டு அடுப்படிக்கும் ஒண்ணு போட்டிருக்கேன். வீடியோல எண்கள் வேகமா ஓடிடும், அதனால முழுசா இங்க எழுத்துல.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். சொந்தக்காரங்க, அக்கம்பக்கம், ஆபீஸ் எல்லாம் சேர்த்து 20 வீட்டுக்குக் கொடுக்கணும். ஒவ்வொரு பாக்ஸுலயும் கால் கிலோ முறுக்கு, கால் கிலோ நெய் மைசூர்பாக். ஆக மொத்தம் 5 கிலோ முறுக்கு, 5 கிலோ மைசூர்பாக். நான் போடற விலை எல்லாம் கணக்குக்காக ரவுண்டா எடுத்துக்கிட்டது. உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க, முடிவு பெருசா மாறாது.

முதல்ல முறுக்கு

ஒரு கிலோ முறுக்குக்கு 600 கிராம் பச்சரிசி, கிலோ 60னா 36 ரூபாய். 150 கிராம் உளுந்து 21 ரூபாய். 50 கிராம் வெண்ணெய் 30 ரூபாய். எள்ளு, சீரகம், பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து 16. மில்லுல அரைக்க 15. முறுக்கு குடிக்கற எண்ணெய் கால் லிட்டர், அது 45 ரூபாய். கேஸ் செலவு நிறைய பேர் நினைக்கற அளவுக்கு இல்ல. 2025 அக்டோபர்ல சென்னையில 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசா இருந்துச்சு, அதாவது ஒரு கிலோ கேஸ் 61 ரூபாய். பெரிய அடுப்பு ஒரு மணி நேரம் எரிஞ்சா சுமார் 200 கிராம், 12 ரூபாய். கூட்டினா 175 ரூபாய்.

இதுல எல்லாரும் விட்டுடற ஒரு செலவு இருக்கு, சட்டியில மிஞ்சற எண்ணெய். அதையே வெச்சு அடுத்த ரெண்டு வாரம் அப்பளம், வடைனு சுட்டா செலவு குறையுதுதான். ஆனா திரும்பத் திரும்பக் காய்ஞ்ச எண்ணெய் உடம்புக்கு ஆகாது. ஹோட்டல்களுக்கே எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-ல இருந்து இதுக்கு ஒரு வரம்பு வெச்சிருக்கு: எண்ணெயில டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ் 25 சதவீதத்தைத் தாண்டினா அந்த எண்ணெயை உபயோகிக்கவே கூடாது. வீட்டுல யார் கிட்டயும் அதை அளக்கற மீட்டர் கிடையாது. கறுத்துப் போச்சுன்னா கொட்டிடுங்க, அந்தக் காசையும் முறுக்கு கணக்குலயே எழுதுங்க. கிலோவுக்கு இன்னும் ஒரு 15, 20 ரூபாய் கூடும். நான் இங்க சேர்க்கல.

மைசூர்பாக்

ஒரு கிலோவுக்கு 200 கிராம் கடலை மாவு 24 ரூபாய், 400 கிராம் சர்க்கரை 18 ரூபாய், அரை லிட்டர் நெய் 350 ரூபாய், கேஸ் 8. மொத்தம் 400. பாருங்க, அந்த 400-ல 350 நெய். மைசூர்பாக் செய்யறோம்னு சொல்றோமே தவிர, கெட்டியான நெய்யைத்தான் துண்டு போட்டுக் கொடுக்கறோம்!

2025-ல இதுல ஒரு நல்ல விஷயம் நடந்துச்சு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து நெய், வெண்ணெய்க்கான ஜிஎஸ்டி 12-ல இருந்து 5 சதவீதம் ஆயிடுச்சு. பாதாம், பிஸ்தாவும் அப்படியே. பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டின மிக்சர், காராபூந்தி வகையறாவும் 12-ல இருந்து 5. ஆனா கடை ஸ்வீட்டுக்கு ஏற்கனவே 5 சதவீதம்தான், அதுல ஒரு மாற்றமும் இல்ல. நெய் வாங்கும்போது பாக்கெட்டுல பழைய எம்ஆர்பி அச்சடிச்சிருந்தா, பில்லுல புது விலை போட்டிருக்காங்களானு ஒரு தடவை பாத்துக்கோங்க.

கடையில என்ன ஆகும்?

ஓரளவு நல்ல கடையில முறுக்கு கிலோ 450, நெய் மைசூர்பாக் 800, வரி உட்பட வெச்சுக்குவோம். நம்ம அரை கிலோ பாக்ஸ் 312 ரூபாய் 50 காசு. 20 பாக்ஸ் 6,250 ரூபாய்.

கடையில வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. தராசுல அட்டை டப்பாவை வெச்சு, அதுக்குள்ள ஸ்வீட்டை அடுக்கி, மொத்தமா எடை போட்டுக் கொடுத்தா விடாதீங்க. டப்பாவே 100 கிராம் இருந்தா, 800 ரூபாய் ஸ்வீட்டுல 80 ரூபாய்க்கு அட்டை வாங்கியிருக்கீங்கன்னு அர்த்தம். எடை அளவுச் சட்டப்படி டப்பா எடையைக் கழிச்சுட்டுத்தான் போடணும். தமிழ்நாட்டுல இதைப் பாக்கறது தொழிலாளர் துறை. சண்டை போட வேண்டாம், "டப்பாவைக் கழிச்சுட்டுப் போடுங்கண்ணே"ன்னு சொன்னாலே போதும், பெரும்பாலும் போட்டுடுவாங்க.

இப்ப வீட்டுக் கணக்கு. முறுக்கு 5 கிலோ 875, மைசூர்பாக் 5 கிலோ 2,000. பாக்ஸ், பட்டர் பேப்பர், ஒட்டற டேப் எல்லாம் ஒண்ணுக்கு 30 வீதம் 600. மொத்தம் 3,475. கடையோட ஒப்பிட்டா 2,775 ரூபாய் மிச்சம், அதாவது 44 சதவீதம்.

பேக்கிங் செலவுல எனக்குப் பிடிச்ச வழி பழைய வழிதான், எவர்சில்வர் சம்படம். பக்கத்து வீட்டுக்கும் ஒரே தெருவுல இருக்கற சித்தி வீட்டுக்கும் கலர் பாக்ஸ் எதுக்கு? சம்படம் திரும்பி வரும், வெறுமனே வராது. அவங்க வீட்டுப் பலகாரமோ, ஒண்ணுமில்லன்னா ஒரு பிடி சர்க்கரையோ இருக்கும். மூடியில பேர் வெட்டி வெச்சா தொலையவும் தொலையாது.

சரி, 44 சதவீதம் மிச்சம். "பாதிக்குப் பாதி"ன்னு சொன்னது கிட்டத்தட்ட உண்மை. நிறைய வீடியோ இந்த இடத்துல முடிஞ்சுடும். ஆனா காஸ்ட் ஷீட்ல இன்னும் ஒரு வரி காலியா இருக்கு.

கூலி

எந்த ஃபேக்டரி கணக்குலயும் மூலப்பொருளுக்கு அடுத்த வரி கூலி. நம்ம வீட்டுப் பலகாரக் கணக்குல அந்த வரியில எப்பவுமே பூஜ்யம்தான். ஏன்னா வேலை செய்யறது அம்மா, மனைவி, அண்ணி, மாமியார்.

பூஜ்யத்தை அழிச்சுட்டு மணிக்கணக்கைப் போட்டுப் பாப்போம். அரிசி ஊறவெச்சு, உலர்த்தி, மில்லுக்குப் போய் அரைச்சுட்டு வந்து, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி, கடைசியில பாத்திரம் தேய்க்கறது வரைக்கும் 3 மணி நேரம். 5 கிலோ முறுக்கு பிழிஞ்சு சுட 8 மணி நேரம். மைசூர்பாக் கிலோ கிலோவாத்தான் கிளறணும், அஞ்சு தடவை, 5 மணி நேரம். பேக் பண்ணி வீடு வீடா கொண்டு போய்க் கொடுக்க 4 மணி நேரம். மொத்தம் 20 மணி நேரம்.

2,775-ஐ 20-ஆல வகுத்தா மணிக்கு 139 ரூபாய் வருது. இதுதான் உண்மையான "மிச்சம்". மோசமான தொகைன்னு நான் சொல்லல. ஆனா அது வானத்துல இருந்து வந்த மிச்சம் இல்ல, ஒருத்தர் அடுப்பு முன்னாடி நின்னு சம்பாதிச்சது. அவங்க சம்பாதிச்சதை மொத்தக் குடும்பமும் "நாம மிச்சம் பிடிச்சோம்"னு எழுதிக்குது.

2019-ல மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தினாங்க. 6 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பெண்கள் அதுக்காக ஒரு நாளைக்குச் செலவழிச்சது சராசரியா 299 நிமிஷம். அதே மாதிரி வேலை செய்யற ஆண்கள் 97 நிமிஷம். இது சாதாரண நாள் கணக்கு. தீபாவளிக்கு முந்தின வாரம் எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இன்னொரு வேடிக்கை, கடையில 6,250 ரூபாய்க்கு வாங்கினா அது நாட்டோட ஜிடிபி-ல ஏறும். அம்மா 13 மணி நேரம் நின்னு சுட்ட உழைப்பு எந்தக் கணக்குலயும் ஏறாது.

பார்ட்னர்ஷிப் ஃபர்ம்ல வொர்க்கிங் பார்ட்னர், ஸ்லீப்பிங் பார்ட்னர்னு ரெண்டு வகை உண்டு. கடையில உக்காந்து வேலை பாக்கற பார்ட்னருக்கு லாபப் பங்கோட சம்பளமும் கொடுக்கலாம், வருமான வரிச் சட்டமே ஒரு வரம்பு வரைக்கும் அதைச் செலவா ஏத்துக்குது. தூங்கற பார்ட்னருக்கு லாபப் பங்கு மட்டும்தான். பெரும்பாலான வீடுகள்ல தீபாவளி வாரத்துல ஒரே ஒரு வொர்க்கிங் பார்ட்னர், அவங்களுக்குச் சம்பளமும் கிடையாது. மத்தவங்க எல்லாம் ஸ்லீப்பிங், அதுவும் சில வீட்டுல நிஜமாவே மத்தியானம் தூங்கிக்கிட்டு!

"அப்ப அம்மாவுக்குக் கூலி கொடுக்கச் சொல்றியா?"ன்னு கேக்காதீங்க. அந்த வரியை நிரப்பிட்டு முடிவெடுங்கன்னுதான் சொல்றேன். நிரப்பினா முடிவு மாறுது, நான் கண்ணால பாத்தேன்.

எங்க வீட்டுல ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் ஆறு வகைப் பலகாரம், 34 வீடு. அம்மாவுக்கு அப்பவே அறுபது தாண்டியாச்சு, முழங்கால் வலி. ஒரு பேப்பர்ல வேலை, மணி, பேர்னு மூணு கட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டினேன். ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா அம்மா பேருக்கு நேரா 31 மணி நேரம், அண்ணி 12. அப்பா பேருக்கு நேரா "சர்க்கரை வாங்கினது, 40 நிமிஷம்". அப்பாவே கைப்பட எழுதியிருந்தார், நேர்மையான மனுஷன்.

அதைப் பாத்துட்டு "எல்லாத்தையும் கடையில வாங்கிடலாம்மா"ன்னு அண்ணன் சொன்னான். அம்மாவுக்கு முகமே மாறிடுச்சு. "உங்க பெரியம்மா வீட்டுல என் முறுக்குக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்கடா. கடை டப்பாவை நீட்டினா நான் எதுக்கு நேர்ல போகணும், கொரியர்ல அனுப்பிடேன்"னாங்க. எந்த காஸ்ட் ஷீட்லயும் இதுக்கு ஒரு வரி கிடையாது. அவங்களுக்கு வேண்டாம்னு தோணினது வேலை இல்ல, தனியா அந்த வேலையைச் செய்யறது.

அப்புறம் பேசி முடிவு பண்ணினோம். கொடுக்கறதுக்கு ரெண்டே வகை, 20 வீடு. முறுக்கு நாழியை அழுத்தறதுக்கு நல்ல கை பலம் வேணும், அது அண்ணன் வேலை. மில், கடை, பேக்கிங், டெலிவரி எல்லாம் அப்பாவும் நானும். மாவு பதம், பாகு பதம், உப்பு, காரம் அம்மா. அதிரசத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்னுட்டாங்க, அது வீட்டுக்கு மட்டும் பத்தே பத்து. போன வருஷம் அம்மாவோட மணி 9-க்கு இறங்கிடுச்சு. ரெண்டு நாளா பிரிச்சு, பாதி நேரம் நாற்காலியில உக்காந்தபடி.

எதைச் செய்யலாம், எதை விடலாம்?

ஒரு கிலோவுக்கு எவ்வளவு மிச்சம்னு பாக்காதீங்க, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவுன்னு பாருங்க. பேக்கிங்கை விட்டுட்டுப் பாத்தா, முறுக்குல 5 கிலோவுக்கு 1,375 மிச்சம், அடுப்பு முன்னாடி 8 மணி நேரம், மணிக்கு 172. மைசூர்பாக்குல 2,000 மிச்சம், 5 மணி நேரம், மணிக்கு 400. நெய் விலையைப் பாத்துப் பயப்படறோம், ஆனா நேரத்துக்குக் கிடைக்கற பலன் அதுலதான் ஜாஸ்தி.

மைசூர்பாக்குல ரிஸ்க் உண்டு. பதம் ஒரு நிமிஷம் தப்பினா செங்கல். அஞ்சுல ஒரு தட்டு வீணாப் போய், மறுபடி ஒண்ணு கிளறினாக்கூட 1,600 மிச்சம், 6 மணி நேரம், மணிக்கு 267 நிக்குது. கை பழகாதவங்க அரை அரை கிலோவா செய்யுங்க, போனாலும் 200 ரூபாயோட போகும்.

முந்திரி கேக், பால்கோவா பக்கம் கொடுக்கறதுக்காகப் போகாதீங்க. முதல்ல சொன்னதுல முந்திரி விலையே தின்னுடும். பால், தேங்காய் சேர்த்தது சீக்கிரம் கெட்டுப்போகும். தீபாவளிக்கு ஒவ்வொரு வீட்டுலயும் பத்து பாக்ஸ் வரிசையில நிக்குது, உங்க பாக்ஸ் எப்பத் திறப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. எதுவா இருந்தாலும் செஞ்ச தேதியும், நெய், முந்திரி, எள்ளு, வேர்க்கடலை இருக்கான்னும் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி உள்ள வெச்சுடுங்க. அலர்ஜி உள்ளவங்களுக்கு அது பெரிய உதவி.

என்னைக் கேட்டா, கொடுக்கறதுக்கு எல்லாத்தையும் விட நல்லது தீபாவளி லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் நாட்டு மருந்துக் கடையில மொத்தமாவே கட்டிக் கொடுப்பாங்க. வெல்லம், நெய், நல்லெண்ணெய், கொஞ்சம் தேன் போட்டு ஒன்றரை மணி நேரம் கிளறினா ஒரு டஜன் சின்ன பாட்டில் தேறும். பாட்டில் விலையோட சேர்த்து ஒண்ணு 35 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். பத்து ஸ்வீட் பாக்ஸ் வந்த வீட்டுக்கு பதினொண்ணாவது ஸ்வீட் பாக்ஸ் சுமை. ஆனா லேகியத்தைப் பண்டிகை அன்னிக்கு சாயந்திரமே வயித்தைத் தடவிக்கிட்டுத் தேடுவாங்க.

வீட்டுல செய்ய ஆளே இல்லன்னா நடுவுல ஒரு வழி உண்டு. சாமான் வாங்கிக் கொடுத்தா கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கிக்கிட்டு வீட்டுக்கே வந்து சுட்டுக் கொடுக்கற அக்காங்க நிறைய ஊர்ல இருக்காங்க. கிலோவுக்கு 120னு வெச்சாலும் 10 கிலோவுக்கு 1,200. அப்பவும் உங்களுக்கு 1,575 ரூபாய் மிச்சம், 13 மணி நேர அடுப்பு வேலையும் இல்ல. கூலி வரிசையில பூஜ்யமும் இல்ல.

கொடுக்கறவங்க கவனிக்க

வீட்டு வேலை செய்யற அக்கா, வாட்ச்மேன், குப்பை எடுக்க வர்றவங்க, இவங்களுக்குப் பலகாரம் போனஸுக்குப் பதில் கிடையாது. "நெய்யில செஞ்சதும்மா, நல்ல காஸ்ட்லி"ன்னு டப்பாவைக் கொடுத்துட்டு காசைக் குறைக்கறதை நிறைய இடத்துல பாக்கறேன். அவங்க வீட்டுக் குழந்தைக்குத் துணி எடுக்கணும், அதுக்கு மைசூர்பாக்கைக் கடையில கொடுக்க முடியாது. முதல்ல காசு, அதுவும் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னாடி. பலகாரம் அதுக்கு மேல.

கடை, கம்பெனி வெச்சிருக்கறவங்களுக்கு ரெண்டு வரி. கஸ்டமருக்குக் கொடுக்க வாங்கின ஸ்வீட் பாக்ஸ், நெய், முந்திரிக்கான ஜிஎஸ்டி-ஐ இன்புட் கிரெடிட்ல எடுக்காதீங்க, பரிசா கொடுக்கற பொருளுக்கு 17(5)(எச்) பிரிவுல அது தடை. ஸ்டாஃபுக்குப் பொருளாக் கொடுக்கற பரிசு வருஷத்துக்கு ஒரு வரம்புக்குள்ள இருந்தா அவங்க சம்பளத்துல வரி வராது, ஆனா காசாக் கொடுத்தா முழுசும் சம்பளம்தான்.

"நண்பர்கள் கொடுத்த ஸ்வீட்டுக்கு எனக்கு வரி வருமா சார்?"னு ஒருத்தர் சீரியஸாவே கேட்டார். வராது. அந்தப் பிரிவுல சொல்ற பொருட்கள் பட்டியல்ல நகை, ஷேர், ஓவியம், சிற்பம் எல்லாம் இருக்கு, மைசூர்பாக் இல்ல. நிம்மதியா சாப்பிடுங்க.

சாப்பிட்டுப் பாத்தவங்க "இதை விக்கலாமே"ன்னு சொல்லி, அடுத்த வருஷம் நாலு பேர் ஆர்டர் கொடுத்தா, அது பரிசு இல்ல, தொழில். வீட்டு அடுப்படியா இருந்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும். 2025-ல வருஷ விற்பனை 12 லட்சம் வரைக்கும் பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாயா இருந்துச்சு, ஆன்லைன்லயே போடலாம். விலை வைக்கும்போது மேல சொன்ன 175, 400-ஐ மட்டும் பாத்து வைக்காதீங்க. பரிசுக்குக் கூலியைப் பூஜ்யமா வெச்ச பழக்கம் தொழிலுக்கும் ஒட்டிக்கும்.

இந்தக் காசு எங்க இருந்து?

3,475 ரூபாய் அக்டோபர்ல ஒரே நாள்ல எடுக்கறது மாதச் சம்பளக்காரங்களுக்குக் கஷ்டம்தான். அதனாலதான் ஊர் ஊருக்குப் பலகாரச் சீட்டு ஓடுது. மாசாமாசம் கட்டினா தீபாவளிக்கு ஸ்வீட், காரம், பட்டாசு, ஒரு பாத்திரம்னு மூட்டையா வரும். தெருவுல நமக்குத் தெரிஞ்ச அக்கா பத்து பேரைச் சேர்த்து நடத்தறது ஒரு ரகம். நோட்டீஸ் அடிச்சு, ஏஜென்ட் வெச்சு, கட்டினதுக்கு மேல தங்கக் காசு தர்றேன்னு ஆயிரக்கணக்குல ஆள் சேர்க்கறது இன்னொரு ரகம். ரெண்டாவது ரகம் பண்டிகைக்குப் பத்து நாள் முன்னாடி ஷட்டரை இழுத்து மூடிட்டுப் போற செய்தி தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்ல. 1982-ம் வருஷ சீட்டு நிதிச் சட்டத்துல பதிவு பண்ணியிருக்காங்களான்னு கேளுங்க. பதிவு எண் சொல்லாம "நம்பிக்கைதாங்க"ன்னு பேச்சு வந்தா கிளம்பிடுங்க.

அதே வேலையை ஒரு பேங்க் ஆர்டி செய்யும். மாசம் 300 ரூபாய், 12 மாசம், 6.5 சதவீத வட்டின்னா முடிவுல சுமார் 3,725 கையில வரும். 2026 தீபாவளி நவம்பர் 8. 2025 அக்டோபர்லயே ஆர்டி ஆரம்பிச்சிருந்தா 2026 அக்டோபர்ல முடியும், நெய் வாங்க மூணு, நாலு வாரம் கையில இருக்கும். போன்லயே அஞ்சு நிமிஷத்துல போடலாம். ஆர்டி-க்குப் பேர் வைக்கற ஆப்ஷன் சில பேங்க் ஆப்ல இருக்கு. நான் என்னோடதுக்கு "முறுக்கு"ன்னு வெச்சிருக்கேன்.